ஆறுக்கு ஒன்பது புள்ளி, மூணு இழை

போன எபிசோட்ல படிப்பு ஆப்களைப் பத்தி ஒன்றரை மணி நேரம் பேசினோம். பாயின்ட், பேட்ஜ், ஸ்ட்ரீக், லீடர்போர்டு எல்லாத்தையும் அலசினோம். ஆனா அன்னைக்கு நான் ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டேன். மைக் முன்னாடி சொல்ல வெட்கமா இருந்துச்சு. எழுதுறது கொஞ்சம் சுலபம். அதனால இந்த வார மடல் முழுக்க அதுதான். கோட் இருக்கு, கோலம் இருக்கு, ஒரு கேரம் போர்டும் இருக்கு. பொறுமையா வாங்க.

என் மகளுக்குப் பத்து வயசு. ஷார்ஜால ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்கூடத்துல ஐந்தாம் வகுப்பு. போன செப்டம்பர்ல காரணிகள், மடங்குகள் பாடம் நடத்தினாங்க. நம்ம காலத்துல மீ.பொ.வ., மீ.சி.ம.ன்னு படிச்சோமே, அதான் ஹெச்.சி.எஃப், எல்.சி.எம். யூனிட் டெஸ்ட்ல 25க்கு 9. பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்லிக் கொண்டு வந்தா. நான் அன்னைக்கு அல் இத்திஹாத் ரோட்டுல ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னுட்டு வந்திருந்தேன். காண்ட்ராக்ட் புதுப்பிப்பாங்களா இல்லையான்னு தெரியாத மாசம் வேற. புதுப்பிக்கலைன்னா வருஷ நடுவுல ஊருக்குப் போகணும், அங்க ஒரு ஸ்கூல்ல சீட் கேட்டு நிக்கணும், அவங்க முதல்ல பார்க்கறது மார்க்கைத்தான். இதெல்லாம் சேர்ந்து அந்தப் பேப்பர் மேல விழுந்துச்சு. கத்திட்டேன். "கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன் பொண்ணுக்கு ஹெச்.சி.எஃப் தெரியலைன்னா..."ன்னு ஆரம்பிச்சு, எழுத முடியாத ஒண்ணு ரெண்டும் சொன்னேன்.

அவ அழல. அதுதான் பிரச்சனை. ராத்திரி அவங்கம்மா கிட்ட சாதாரணமா சொல்லியிருக்கா: "எனக்கு மேத்ஸ் வராதும்மா. அது அப்பாவுக்கு வரும், எனக்கு வராது." 'எனக்கு முடி சுருள், உனக்கு நேர்' அப்படின்னு சொல்ற அதே குரல்ல. மனைவி வந்து சொன்னப்போ எனக்குத் தூக்கம் போச்சு. பிடிக்கலைன்னு சொன்னா பேசிப் பார்க்கலாம். நான் இப்படித்தான்னு ஒரு குழந்தை தீர்மானம் பண்ணிட்டா அதை எதைச் சொல்லி மாத்துறது?

நான் ஒரு ஐடி ஆளு. அதனால ஐடி ஆளு செய்யற காரியத்தைச் செஞ்சேன். ஒரு ஆப் போட்டேன். சரியான விடை ஒண்ணுக்கு ஒரு காயின். அது போதாதுன்னு நானே மேல ஒரு அடுக்கு கட்டினேன்: 50 காயினுக்கு 1 திர்ஹாம், வெள்ளிக்கிழமை பட்டுவாடா. மூணு வாரத்துல 38 திர்ஹாம் சம்பாதிச்சா. எனக்கு ஒரே பெருமை, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்புறம் ஒருநாள் லாக்கைத் திறந்து பார்த்தேன். 1,900 சரியான விடை. அதுல 1,700க்கு மேல ரெண்டாம் வாய்ப்பாடும் பத்தாம் வாய்ப்பாடும். காரணிகள் பக்கம் அவ எட்டியே பார்க்கல. யோசிச்சா, அவ சிஸ்டத்தைச் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டா. குறைஞ்ச உழைப்புல நிறைய காசு. நம்ம டீம்ல டிக்கெட் எண்ணிக்கைக்கு போனஸ் வெச்சா என்ன நடக்குமோ அதேதான்.

இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. 1973ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூணு பேரும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்துல இருக்கற மழலையர் பள்ளியில செஞ்சது. ஸ்கெட்ச் பேனால படம் வரையப் பிடிச்ச குழந்தைகள்ல ஒரு குழுவுக்கு 'வரைஞ்சா பரிசு'ன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. பின்னாடி பரிசு எதுவும் இல்லாதப்போ பார்த்தா, அந்தக் குழு மத்தக் குழந்தைகளைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைஞ்சுச்சு. பரிசுக்குன்னு ஆனதும் விளையாட்டு வேலையாயிடுச்சு. ஆனா ஒண்ணு, அந்தக் குழந்தைகளுக்கு வரையறது முதல்லயே பிடிக்கும். என் மகளுக்குக் கணக்கே பிடிக்காது. கெடுக்கறதுக்குக் கூட அங்க ஒண்ணும் இல்ல. அதனால அந்த ஆய்வை என் வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. வாய்ப்பாடு மாதிரி மனப்பாட விஷயத்துக்கு ஆப் உதவும்னுதான் இப்பவும் நினைக்கறேன். 'எனக்கு வராது'ங்கறதை அது தொடாது, அவ்வளவுதான்.

இந்த நேரத்துலதான் சைமர் பேப்பர்ட்டைத் திரும்பப் படிச்சேன். தென்னாப்பிரிக்கால பிறந்தவர், ஜெனீவால ஜான் பியாஜே கூட வேலை பார்த்தவர், பிறகு எம்.ஐ.டி. 1967ல வாலஸ் ஃபியூர்ஸைக், சிந்தியா சாலமன் கூடச் சேர்ந்து குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கினார். திரையில ஆமை ஊர்ந்து கோடு போடுமே, அதே லோகோ. 1980ல வந்த அவரோட புத்தகம் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்'. லெகோ ரோபோக்களுக்குப் பேரு வந்தது அதுல இருந்துதான். அவர் வாதத்தை என் பாஷையில சொன்னா: பிரெஞ்சை வகுப்புல கத்துக்கறது கஷ்டம், பிரான்ஸ்ல வளர்ற குழந்தைக்கு அது தானா வருது, அப்போ கணக்குக்கும் அப்படி ஒரு நாடு வேணும்.

வளைகுடாவுல பிள்ளை வளர்க்கறவங்களுக்கு இது உடனே புரியும். என் மகளுக்கு ஸ்கூல்ல அரபி கட்டாயப் பாடம். அஞ்சு வருஷமாப் படிக்கறா, கடையில ஒரு தண்ணி பாட்டில் கேட்கத் தெரியாது. ஆனா ஹிந்தி? யாரும் உட்கார வெச்சுச் சொல்லித் தரல. எங்க பில்டிங் லாபியில, லிஃப்ட் பக்கத்துல, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கூடுற பசங்க கூட விளையாடியே ரெண்டு வருஷத்துல வந்துடுச்சு. சண்டை போடற ஹிந்தி, அதுவும் லக்னோ பையனையே வாயடைக்க வைக்கற ஹிந்தி. அப்போ கணக்குக்கு எங்க லாபி எது?

விடை டிசம்பர்ல விசிட் விசால வந்து இறங்குச்சு. எங்கம்மா.

கும்பகோணம் பக்கம் ஊரு. மார்கழி பிறந்ததும் அம்மாவால கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல. கோலமாவு கராமால கிடைக்குது, வாசல்தான் இல்ல. ஆறாவது மாடியில வாசல்னா அஞ்சடி காரிடார். ரெண்டாவது நாளே வாட்ச்மேன் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார், அரிசி மாவுக்கு எறும்பு வருதாம். அதனால கோலம் பால்கனிக்கு நகர்ந்துச்சு. தரையில சாக்பீஸ், மழைக்காலம்னு ஒண்ணு இங்க பேருக்குத்தானே, அழியாது. பால்கனிக் கண்ணாடிக் கதவுல ஒயிட்போர்டு மார்க்கர். ஷார்ஜால 2022 ஜனவரியில இருந்து வாரத்துக்கு மூணு நாள் லீவு. வெள்ளிக்கிழமை நான் துபாய்ல வேலையில இருப்பேன், பாட்டியும் பேத்தியும் வீட்டுல. அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் இது ஆரம்பிச்சது. நான் இல்லாததும் நல்லதாப் போச்சு.

பாப்பா மூணுக்கு மூணு புள்ளி வெச்சு, சிக்குக் கோலம் போட ஆரம்பிச்சிருக்கா. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காம சொல்லியிருக்காங்க: "அது ஒத்த இழையா வராதுடி. மூணு இழை வரும்."

"போடறதுக்கு முன்னாடியே எப்படித் தெரியும் பாட்டி?"

"கைக்குத் தெரியும்."

போட்டுப் பார்த்தா மூணு இழை. மூணுக்கு நாலு வெச்சா ஒரே இழை, எடுத்த கை வைக்காம முழுசும் சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடுது. சாயங்காலம் நான் வந்தப்போ கண்ணாடிக் கதவு முழுக்க நாலு கலர்ல கோலம். ஒரு இழைக்கு ஒரு கலர். என் மகள் கதவைக் காட்டி, "அப்பா, சொல்லுங்க, ரெண்டுக்கு அஞ்சு போட்டா எத்தனை?"ன்னு கேட்டா.

எனக்குத் தெரியல. நெசமாவே தெரியல. "தெரியலையே பாப்பா"ன்னேன். அவ முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

நீங்களும் போட்டுப் பார்க்கணும்னா முறை இதுதான். மூணுக்கு நாலு நேர்ப்புள்ளி வையுங்க. அதைச் சுத்தி ஒரு கேரம் போர்டு சட்டம் இருக்கறதா நினைச்சுக்கோங்க. ஓரப் புள்ளிக்கும் சட்டத்துக்கும் நடுவுல அரைப்புள்ளி தூரம். ஒரு ஓரப் புள்ளிக்கு நேரா சட்டத்துல ஒரு இடத்தைத் தொட்டு, அங்கிருந்து 45 டிகிரி சாய்வா ஸ்ட்ரைக்கரை அடிங்க. பாக்கெட் கிடையாது, ஸ்ட்ரைக்கர் நிக்கவே நிக்காது. சட்டத்துல பட்டா அதே சாய்வுல திரும்பும். அது எப்பவும் ரெண்டு புள்ளிக்கு நடுவுல புகுந்துதான் போகும், புள்ளி மேல போகாது. ஆரம்பிச்ச இடத்துக்கு வந்ததும் ஒரு இழை முடிஞ்சது. இன்னும் இழை ஓடாத இடைவெளி மிச்சம் இருந்தா, அங்க இருந்து அடுத்த கலர். மூலைகளை வளைச்சு விட்டா அதுதான் நம்ம சிக்குக் கோலத்தோட அடிப்படை நெளி.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை, நம்ம வாசகர்களுக்குப் பிடிக்கும். 1974ல 'கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங்' இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. தலைப்புலயே கோலம் இருக்கு. எழுதினவங்க கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். இடம் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. சாம்ஸ்கியோட இலக்கண விதிகள் எழுத்துச் சரங்களை உருவாக்கும் இல்லையா, அதையே ரெண்டு பரிமாணத்துக்கு நீட்டி, விதிகளாலயே படங்களை உருவாக்க முடியுமான்னு பார்த்தாங்க. கோலம் அதுக்கு ஒரு உதாரணக் களஞ்சியம். கமலா கிருத்திவாசன் பிற்பாடு ஐஐடி மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர். நான் நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சேன், ஃபார்மல் லாங்குவேஜ் பேப்பர்ல மயிரிழையில தப்பிச்சேன், ஒருத்தரும் இதைச் சொல்லல. அதே நேரம், 'நம்ம பாட்டிங்க அப்பவே கம்ப்யூட்டர் சயின்ஸ் கண்டுபிடிச்சுட்டாங்க'ன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அதையும் நம்பாதீங்க. சிரோமணிகள் அப்படி எதுவும் சொல்லல. கோலம் போடறவங்க கையில ஒரு ஒழுங்கு இருக்கு, அதை விதியா எழுதிப் பார்க்கலாம்னுதான் காட்டினாங்க. அது போதாதா என்ன?

சரி, வீட்டுக்கு வருவோம். பாப்பா ஒரு பழைய நோட்டுல கட்டம் போட்டு, எத்தனைக்கு எத்தனை வெச்சா எத்தனை இழைன்னு குறிக்க ஆரம்பிச்சா. ரெண்டுக்கு மூணு, ஒண்ணு. மூணுக்கு நாலு, ஒண்ணு. ரெண்டுக்கு அஞ்சு, ஒண்ணு. மூணுக்கு அஞ்சு, ஒண்ணு. ரெண்டுக்கு ரெண்டு, ரெண்டு. மூணுக்கு மூணு, மூணு. உடனே ஒரு சட்டம் போட்டா: "ரெண்டும் ஒரே நம்பர்னா அத்தனை இழை. வேற வேற நம்பர்னா ஒரே இழை." அழகான சட்டம். மறுநாள் ரெண்டுக்கு நாலு போட்டா. ரெண்டு இழை. சட்டம் உடைஞ்சது.

எனக்கு விடை அதுக்குள்ள புரிஞ்சு போச்சு. நாக்கு நுனியில நிக்குது. 'பாப்பா, இது ஹெச்.சி.எஃப்!'னு கத்தணும் போல இருந்துச்சு. மனைவி என்னைப் பார்த்த பார்வையில வாயை மூடிக்கிட்டேன். இந்த மடல்ல நான் செஞ்சதா சொல்லிக்க ஒரே ஒரு நல்ல காரியம் இருக்குன்னா அதுதான். பதினோரு நாள் வாயைத் திறக்கல.

ரெண்டாவது சட்டம்: "ரெண்டுமே இரட்டைப்படைன்னா ரெண்டு இழை." ரெண்டுக்கு நாலு சரி, ரெண்டுக்கு ஆறு சரி, நாலுக்கு ஆறும் சரி. நாலுக்கு எட்டு நாலு இழை கொடுத்துச்சு. மூணுக்கு ஆறு, அதுல இரட்டைப்படை ஒண்ணுதான் இருக்கு, மூணு இழை. மறுபடி உடைஞ்சது. நம்ம வேலையில இதை டெஸ்ட் கேஸ் ஃபெயில்னு சொல்வோம். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி போட்டா, தான் தப்பா வரைஞ்சிருப்பமோன்னு. வீட்டுப்பாடத்துல ஒரு தப்பு வந்தா நோட்டை மூடி வெச்சுட்டுப் போற பொண்ணு இது.

பெரிய கோலம் கையால போட நேரமாகுதுன்னு, நான் பைத்தான்ல டர்ட்டில் வெச்சு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பேப்பர்ட்டோட அந்த ஆமையோட வாரிசுதான் அது, பைத்தான் கூடவே வருது. ஆமை 45 டிகிரில கிளம்பும், சட்டத்துல பட்டா திரும்பும், ஆரம்பிச்ச இடத்துக்கு வந்தா நிக்கணும். ஓட்டினேன். ஆமை நிக்கவே இல்ல. போன வழியிலயே மறுபடி மறுபடி சுத்துது.

"அப்பா, அது ஏற்கனவே முடிஞ்சிருச்சு. அதுக்குத் தெரியல."

கண்டுபிடிச்சிருப்பீங்க. சாய்வா போறதுக்கு ரூட் 2 வருது, ரூட் 2 முழுசா எழுத முடியாத தசமம், கம்ப்யூட்டர் எங்கேயோ ஒரு இடத்துல வெட்டுது. ஆமை திரும்பி வந்து நிக்கற இடமும் கிளம்பின இடமும் கண்ணுக்கு ஒண்ணு, ஆனா பதினாலாவது தசமத்துல வேற. 'சமமா?'ன்னு கேட்டா 'இல்ல'ங்குது. தசம எண்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதேன்னு முதல் வருஷத்துலயே படிச்ச பாடம். பதினஞ்சு வருஷம் சம்பளம் வாங்கினவன் அதே குழியில விழுந்தேன். அரைப்புள்ளியை ஒரு அடின்னு வெச்சுக்கிட்டு, முழு எண்களாலயே இடத்தைக் குறிச்சேன், ஆமை நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி அவ அவங்கம்மா கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு: "அப்பாவுக்கே தப்பாச்சும்மா. கம்ப்யூட்டருக்கும் தப்பாச்சு." குரல்ல அவ்வளவு சந்தோஷம். நான் அக்டோபர்ல கத்தினதுக்கு மன்னிப்பு கேட்டது அடுத்த நாள் காலையில, ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது. "பரவால்லப்பா, உங்களுக்கும்தான் தப்பு வருதே"ன்னா.

புது வருஷத்துக்கு அடுத்த வாரம் எல்லாரும் அல் மம்சார் கடற்கரைக்குப் போனோம். அலை வந்துட்டுப் போன ஈரமணல், சாக்பீஸ் தேவையில்ல. அங்க நான் அவங்களுக்கு அங்கோலா கதை சொன்னேன். அங்க சோக்வே மக்கள் மணல்ல விரலால புள்ளி வெச்சு, விரலை எடுக்காம கோடு இழுத்துக்கிட்டே கதை சொல்வாங்க. அந்தச் சித்திரங்களுக்கு சோனான்னு பேரு. மொசாம்பிக்ல வேலை செஞ்ச பாலுஸ் கெர்டெஸ்ங்கற கணித ஆய்வாளர் வாழ்நாள் முழுக்க அதை ஆராய்ஞ்சார். தமிழ்க் கோலங்களையும் அதோட சேர்த்து வெச்சுப் பார்த்து எழுதியிருக்கார். எங்கம்மா நம்பல. "ஆப்பிரிக்காவுல சிக்குக் கோலமா?" போன்ல படத்தைக் காட்டினதும் ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, "புள்ளி நெருக்கமா வெச்சிருக்கா. ஆனா கை சுத்தம்"னு சான்றிதழ் கொடுத்தாங்க.

பாப்பா அதுக்குள்ள மணல்ல ஆறுக்கு ஒன்பது புள்ளி வெச்சு முடிச்சிருந்தா. 54 குழி. நடந்துக்கிட்டே விரலால இழுத்தா, குதிகால்ல நின்னு நின்னு, முக்கால் மணி நேரம். மூணு இழை. ஒண்ணும் சொல்லாம பார்த்துக்கிட்டே நின்னா. அலை வந்து ஒரு மூலையை எடுத்துட்டுப் போச்சு.

திரும்பி வரும்போது வழக்கம் போல டிராஃபிக். பின் சீட்டுல பாட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல உட்கார்ந்துக்கிட்டு முணுமுணுத்துக்கிட்டே வந்தா. "நாலு, ஆறு... ரெண்டு. மூணு, ஆறு... மூணு. நாலு, எட்டு... நாலு. ஆறு, ஒன்பது... மூணு." அப்புறம் சத்தமா: "அப்பா. ரெண்டு நம்பரையும் மீதி இல்லாம வகுக்கற நம்பர்ல பெருசு எதுவோ அத்தனை இழை. இது டீச்சர் சொன்ன ஹெச்.சி.எஃப் தானே?"

நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டையே பார்த்தேன். "நீயே சொல்லு"ன்னேன், குரல் சரியா வரல.

"அதான். அதேதான். அப்போ ஏன் இதை மரம் போட்டு, ஏணி போட்டு எல்லாம் சொல்லித் தராங்க?"

"எனக்கு ஹெச்சும் தெரியாது சி-யும் தெரியாது"ன்னாங்க எங்கம்மா. "ஆறுக்கு ஒன்பது போட்டா ஒத்த இழை வராதுன்னு மட்டும் தெரியும்."

இதுக்கு அப்புறம் நடந்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டு விஷயம். முதலாவது என் மனைவி கண்டுபிடிச்சது. அவங்க பி.காம். புரோகிராம் ஒவ்வொரு இழைக்கும் ஆமை எத்தனை அடி வெச்சதுன்னு கீழே அச்சடிக்கும், நான் பிழை பார்க்கறதுக்காக விட்டு வெச்ச வரி. ரெண்டுக்கு மூணுல 24 அடி. மூணுக்கு நாலுல 48. மூணுக்கு மூணுல ஒரு இழைக்கு 12. நாலுக்கு ஆறுல ஒரு இழைக்கு 48. "எல்லாமே நாலால வகுபடுதுங்க"ன்னாங்க, கணக்குப் புத்தகம் பார்க்கற கண்ணு. வகுத்தா 6, 12, 3, 12. பாப்பா எட்டிப் பார்த்து, "இது எல்.சி.எம்!"னு குதிச்சா. ஒரே கோலத்துல இழைகளோட எண்ணிக்கை மீ.பொ.வ., ஒரு இழையோட நீளம் மீ.சி.ம. ரெண்டையும் பெருக்கினா மொத்தப் புள்ளிகள். ரெண்டு எண்ணோட பெருக்கல் பலன் அவற்றோட மீ.பொ.வ., மீ.சி.ம. பெருக்கல் பலனுக்குச் சமம்னு மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கேன், சரி. அது மொத்தக் கோட்டோட நீளத்தை இழைகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கற கணக்குன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

ரெண்டாவது, எனக்கான பாடம். ஏன் மீ.பொ.வ. வருதுன்னு அவ கேட்டா. எனக்கு உடனே சொல்லத் தெரியல, ரெண்டு நாள் ஆச்சு. நாலுக்கு ஆறு கோலத்தை எடுத்துக்கோங்க. அதுல ஒரு ஓரத்துல நாலுக்கு நாலு சதுரத்தைத் தனியாப் பிரிச்சு ஒரு கோடு போடுங்க. ஒரு இழை அந்தக் கோட்டைத் தாண்டிச் சதுரத்துக்குள்ள போகுது. உள்ள குறுக்கே நாலு புள்ளி தூரம் போய், திரும்பி நாலு புள்ளி தூரம் வரும். அதே நேரத்துல மேலயும் கீழயுமா சரியா ஒரு முழுச் சுத்து. அதனால எந்த இடத்துல உள்ள போச்சோ அதே இடத்துல வெளிய வரும், அந்தக் கோட்டுல ஒரு சுவர் இருந்து அதுல பட்டுத் திரும்பின மாதிரியே. அப்போ சதுரம் இருந்தாலும் ஒண்ணுதான், வெட்டி எறிஞ்சாலும் ஒண்ணுதான், இழைகளோட எண்ணிக்கை மாறாது. வெட்டினா மிச்சம் நாலுக்கு ரெண்டு. அதுல ரெண்டுக்கு ரெண்டு சதுரத்தை வெட்டினா மிச்சம் ரெண்டுக்கு ரெண்டு. ரெண்டு இழை. முடிஞ்சது.

யூக்ளிட் கி.மு. 300 வாக்குல 'எலிமென்ட்ஸ்' ஏழாம் புத்தகத்துல எழுதின முறை இதேதான்: பெருசுல இருந்து சின்னதைக் கழி, கழிச்சுக்கிட்டே இரு. முதல் செமஸ்டர்ல ரெண்டு வரி ரிகர்ஷனா எழுதி, இன்டர்வியூல பத்துத் தடவை போர்டுல போட்டிருக்கேன். அது வேலை செய்யும்னு தெரியும். கத்தரியை எடுத்து என் மகள் கோலத்தாளை வெட்டினப்போதான், அது ஏன் வேலை செய்யுதுன்னு கண்ணால பார்த்தேன். அவளுக்கு அது பெரிய விஷயமாத் தெரியல. "ஆமா, அங்க சுவர் மாதிரிதானே"ன்னுட்டுப் போயிட்டா.

மார்க் கேட்பீங்க, தெரியும். அடுத்த யூனிட் டெஸ்ட்ல 25க்கு 16. காரணிகள் கேள்வி எல்லாம் சரி. நீண்ட வகுத்தல் இன்னும் தகராறுதான், பின்னத்தைக் கண்டா இன்னும் பெருமூச்சுதான். அதுக்கெல்லாம் ஒரு கோலம் எங்கிட்ட இல்ல. திர்ஹாம் பட்டுவாடாவை நிறுத்திட்டேன். அவ அதுக்கு ஒரு நாள் சண்டை போட்டா, அதுவும் ஹிந்தில. காண்ட்ராக்ட் ஆறு மாசம் நீண்டிருக்கு.

அம்மா விசா முடிஞ்சு பிப்ரவரியில ஊருக்குப் போயிட்டாங்க. இப்போ வெள்ளிக்கிழமை காலையில வீடியோ கால். போன வாரம் அவ செவ்வகத்தை விட்டுட்டு டைமண்ட் வடிவத்துக்குப் போயிட்டா. ஒண்ணு, மூணு, அஞ்சு, மூணு, ஒண்ணுன்னு வெச்சு, நடுவுல வேணும்னே ஒரு இடத்துல இழையைக் கடக்க விடாம வளைச்சிருக்கா, ஒரு சின்ன சுவர் வெச்ச மாதிரி. அப்படி ஒரு சுவர் வெச்சா இழை கூடுமா குறையுமான்னு எங்கிட்ட கேட்டா. யோசிச்சுச் சொல்றேன்னேன். அவ காத்திருக்கல. போனை எடுத்து, "பாட்டி, அப்பாவுக்குத் தெரியலையாம்"னா.

அந்தப் பக்கத்துல இருந்து குரல் வந்துச்சு. "கேமராவைக் கீழ காட்டுடி. முதல்ல புள்ளியைப் பார்க்கறேன்."